பாட்டும் பின்புலமும்

கேட்டு மகிழ்வதற்குரிய இசைக்கு விளக்கமும் வேண்டுமோ என்னும் வினா இசையரங்குகளில் அடிக்கடி எழுவதுண்டு. தேனின் இனிமையை உணரத் தேனீயின் வரலாறு தேவையில்லை என்பர் ஒரு சாரார். இராகமும் தாளமும் செவிவழிப் புகுந்து உள்ளத்தைத் தொடும்போது, அப்பாட்டை இயற்றியவர் யார், எவ்வூரில் வாழ்ந்தார், எதன்பொருட்டுப் பாடினார் என்பனவெல்லாம் வீண் சுமை என்பது அவர்தம் கொள்கை. இதில் ஓரளவு உண்மையும் உண்டு. மொழியறியாப் பாட்டும் கண்ணீரை வரவழைக்க வல்லது. ஆயினும் தேன் எந்தக் கலத்தில் இருந்தாலும் தேனே. பாட்டு அத்தகையது அன்று. தான் பிறந்த சூழலிலிருந்து பிரிக்கப்படும்போது, அது இனிமையை மட்டும் வைத்துக்கொண்டு, தன்னுள் இருந்த துயரத்தையும் வினாவையும் இழந்துவிடுகிறது.

அவ்விழப்பை ஈடுசெய்ய எழுந்ததே, ஒரு பொருளை மையமாகக் கொண்டு பாடல்களைத் தேர்ந்து, அவற்றின் காலத்தையும் களத்தையும் எடுத்துரைத்துப் பாடும் கச்சேரி முறையாகும். இதனைப் பொருள்வழிக் கச்சேரி என வழங்கலாம். மேலைநாட்டார் புதிதாகக் கண்ட முறை இது எனக் கருதுவோர் உளர். தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் தமிழ் பயிலும் மாணவர்க்கும் அக்கருத்து பொருந்தாது என்பது சிலப்பதிகாரத்தைப் புரட்டிய அளவிலேயே விளங்கும்.

இளங்கோவடிகள் எந்தப் பாட்டையும் இடமின்றிப் பாடவைத்தாரல்லர். மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறிய செய்தியைச் சொல்லப் புகுந்தவர், ஆடலாசான், இசையாசான், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர்தம் தகுதிகளையும் அரங்கின் அளவுகளையும் கூறிய பின்னரே அவளை மேடையேற்றுகின்றார். ஆய்ச்சியர் குரவையில் இம்முறை மேலும் ஆழம் பெறுகிறது. மதுரைப் புறஞ்சேரியில் குடப்பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஏற்றின் கண்களில் நீர் வழிகின்றது, ஆனிரையின் கழுத்துமணி நிலத்தில் வீழ்கின்றது. வரவிருக்கும் தீங்கைக் கண்டு அஞ்சிய மாதரி, கண்ணகி காணக் குரவையாடுவோம் என்கிறாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயரைத் தாங்கிய ஏழு மகளிர் வட்டமாக நின்று மாயவனைப் பாடுகின்றனர். அவர்கள் பாடிக்கொண்டிருக்கும் பொழுதில் நகருக்குள் கோவலன் வெட்டுண்டு கிடக்கின்றான்.

அக்குரவையின் பகுதி ஒன்று எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலால் தமிழ் வழங்கும் நாடெங்கும் பரவியது. கண்ணனைப் போற்றும் இனிய பக்திப் பாடலாகவே பலரும் அதனைக் கேட்டு மகிழ்கின்றனர். ஆனால் காப்பியத்தில் அது அச்சத்தை அடக்கிக்கொள்வதற்காகப் பாடப்பட்ட பாட்டு. உறையாத பாலையும் வெட்டுண்ட கணவனையும் அறிந்தவன் செவிக்கு அதே இராகம் வேறாக ஒலிக்கும். இசையில் ஒரு சுரமும் மாறவில்லை, கேட்பவனே மாறிவிட்டான். பின்புலம் அறிதலால் விளையும் பயன் இதுவே.

சிலம்பின் காலத்துக்குப் பின்னரும் தமிழிசை தனித்து நின்றதில்லை. தேவாரப் பதிகங்கள் தலங்களோடு கட்டுண்டவை. கதாகாலட்சேபம் என்னும் கலை, கதையைச் சொல்லிக் கதையின் நடுவே பாடுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் அதனைப் பெருங்கலையாக வளர்த்தார். பாடுகின்றவரே உரைப்பவராகவும், உரைப்பவரே பாடுகின்றவராகவும் நின்ற காலம் அது.

இருபதாம் நூற்றாண்டில் நகரங்களில் சபைகள் பெருகின. மக்கள் சீட்டு வாங்கி, குறித்த நேரத்தில் வந்து, குறித்த நேரத்தில் எழுந்து செல்லும் வழக்கம் வந்தது. பல்லவியே நெடுநேரத்தைக் கவர்ந்த பழைய முறையை மாற்றி, அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) வர்ணத்தில் தொடங்கிப் பல கீர்த்தனைகளை விறுவிறுப்பாகப் பாடும் புதிய அமைப்பை நிலைநிறுத்தினார். அவ்வமைப்பால் இசை பெற்ற நன்மை பெரிது. பல புலவர்களின் பாடல்கள் ஒரே மாலையில் கேட்கக் கிடைத்தன. அரங்கில் சோர்வு நீங்கியது. ஆயினும் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே நின்ற கதை மறைந்தது. தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் கச்சேரியின் கடைப்பகுதியில், துக்கடா என்னும் பெயரோடு ஒதுங்கின. 1941இல் அண்ணாமலை நகரில் நடந்த தமிழிசை மாநாடும், 1943இல் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் இந்நிலையை எதிர்த்து எழுந்தவை. அவ்வியக்கம் மொழிக்குரிய இடத்தைக் கேட்டது. பாட்டுக்குரிய வரலாற்றை மீட்கும் பணியை வேறு சிலர் மேற்கொண்டனர்.

ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், பழந்தமிழர் யாழ்களின் அமைப்பை ஆராய்ந்து எழுதிய யாழ்நூல் 1947 ஜூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த திங்களே அடிகள் மறைந்தார். குடந்தை ப. சுந்தரேசனார் (1914–1981) சிலம்பையும் தேவாரத்தையும் ஊர்தோறும் எடுத்துச் சென்று, எளிய மக்கள் நடுவே பண்ணை விளக்கிப் பாடிக் காட்டினார். எஸ். இராமநாதன் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தாம் எழுதியதைப் பாடியும் காட்ட வல்லவராக விளங்கினார். இவர்கள் நூலறிவையும் குரலையும் பிரித்துப் பார்த்தவரல்லர்.

இப்பின்னணியோடு மலேசியாவை நோக்க வேண்டும். கோலாலம்பூரில் தமிழர் செறிந்து வாழும் பிரிக்பீல்ட்ஸ் செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற இடம். 1881இன் தீயும் வெள்ளமும் நகரை அழித்த பின், மரமும் அத்தாப்பும் கொண்ட கட்டடங்களுக்கு மாற்றாகச் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுக்கான செங்கல் இங்கே சுடப்பட்டது. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் இரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் போட்டவர்களுள் தமிழ்நாட்டுத் தொழிலாளர் பலர். இரயில்வே அலுவலகங்களில் எழுதுகோல் பிடித்தவர்களுள் யாழ்ப்பாணத் தமிழர் பலர். விவேகானந்தா ஆசிரமம் 1904இல் தோன்றியது. இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலில் நாகசுரம் ஒலித்தது. 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி நிறுவிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்னும் கலைக்கோயில், இசையையும் நடனத்தையும் தலைமுறை தலைமுறையாகப் பயிற்றி, கதை தழுவிய நாட்டிய நாடகங்களை மேடையேற்றி வருகின்றது. பழைய இரயில்வே நிலத்தில் 2001இல் கே. எல். சென்ட்ரல் நிலையம் எழுந்தது. 2010இல் இவ்வட்டாரம் லிட்டில் இந்தியா என்னும் பெயரையும் பெற்றது.

இசைக்கு இங்கே குறைவில்லை. குறையுள்ளது வேறோர் இடத்தில். தஞ்சையிலோ மயிலாப்பூரிலோ பாடப்படும் பாட்டுக்கு அங்குள்ள கோபுரமும் குளமும் வயலும் சொல்லாமலே விளக்கம் தருகின்றன. சிதம்பரத்தைப் பற்றிய பாடலைக் கேட்கும் சீர்காழிச் சிறுவன், அவ்வூருக்கு ஒரு மணி நேரத்தில் பேருந்தில் சென்றுவிடலாம். கிள்ளானில் பிறந்து, மலாயும் ஆங்கிலமும் சீனமும் ஒலிக்கும் தெருவில் வளர்ந்து, அடுக்குமாடி வீட்டில் வாழும் சிறுமிக்கு அந்தத் துணை இல்லை. அவள் வர்ணமும் கீர்த்தனையும் பிழையறப் பாடுவாள். தேர்வில் பரிசும் பெறுவாள். தான் பாடிய பாட்டுக்கும் தன் பாட்டியின் வாழ்க்கைக்கும் தொடர்புண்டு என்பதை யாரும் அவளுக்குச் சொல்லாவிட்டால், அந்த இசை கோயிலுக்கு உடுத்திச் செல்லும் பட்டாடையாகவே நின்றுவிடும். எனவே இந்நாட்டில் பொருள்வழிக் கச்சேரி தேவையாகின்றது. அது முதலில் எடுத்துக்கொள்ளத்தக்க பொருளும் ஒன்று உண்டு. அதுவே நந்தனார் சரித்திரம்.

நந்தனார் கதையின் பழைய வடிவம் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் தந்தது. ஆதனூரில் புலைப்பாடியில் வாழ்ந்த அவ்வடியார் செய்த தொண்டு இசையோடு நேரே தொடர்புடையது. கோயில்களின் பேரிகைக்கும் முழவுக்கும் வேண்டிய போர்வைத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் வேண்டிய நரம்பும் கொடுத்தவர் அவர். அவர் தந்த தோல் கோயிலுக்குள் சென்று முழங்கியது. அவர் தந்த நரம்பு இறைவன் திருமுன் இசைத்தது. தந்தவர் மட்டும் வாயிலுக்கு வெளியே நின்றார். தில்லைக்கு நாளைப் போவேன் என்று நாள்தோறும் சொல்லிச் சொல்லியே நாளைப்போவார் என்னும் பெயரையும் பெற்றார்.

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியார், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கதையைக் கதாகாலட்சேபத்துக்குரிய கீர்த்தனைகளாகப் பாடினார். சேக்கிழாரிடம் இல்லாத ஒருவரை அவர் கதைக்குள் கொண்டுவந்தார். அவரே நந்தனாரின் ஆண்டையாகிய வேதியர். தில்லைக்குச் செல்ல விடைகேட்கும் பண்ணையாளை அவர் ஏசுகின்றார். பின்னர், நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்துவிட்டுப் போகலாம் என்கிறார். நாற்பது வேலி என்பது ஏறத்தாழ 267 ஏக்கர். ஓரிரவில் இறையருளால் அது முடிந்ததாகக் கதை செல்கின்றது. புராணத்தில் தன் குலத்தை எண்ணித் தயங்கி நின்ற அடியார், பாரதியார் கையில் விடுப்புக் கேட்டு நிற்கும் கூலியாளாக மாறுகின்றார். காவிரிப் படுகையின் பண்ணைகளைக் கண்ணாரக் கண்டவர் செய்த மாற்றம் அது.

காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவோடு 1860களின் தொடக்கத்தில் இந்நூல் அச்சேறியது. அதற்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பாரதியார் நாடிய வரலாற்றை உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்துள்ளார். புராணத்துக்கு மாறுபட்ட கதையும் வழுவுள்ள சொற்களும் கண்டு பிள்ளையவர்கள் நாள் கடத்தினார். பாரதியார் பன்முறை நடந்தார். ஒருநாள் காத்திருந்த வேளையில், அவர் தம் கீர்த்தனையொன்றைத் தமக்குத் தாமே பாடத் தொடங்கினார். கேட்ட பிள்ளையவர்களின் உள்ளம் நெகிழ்ந்தது, பாயிரமும் கிடைத்தது. ஏட்டில் குறைகண்ட புலமை, குரலில் கேட்டபோது இணங்கிற்று. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் நினைவிற் கொள்ளத்தக்க நிகழ்ச்சி இது.

இனி, அதே காலத்தில் நாகப்பட்டினக் கடற்கரையில் நிகழ்ந்ததைக் காண வேண்டும். பாரதியார் பாடிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே அத்துறைமுகத்திலிருந்து பினாங்குக்குத் தொழிலாளர் கப்பலேறிக்கொண்டிருந்தனர். முதலில் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர்க் காப்பிக்கும், இருபதாம் நூற்றாண்டில் இரப்பருக்கும் சென்றனர். தஞ்சை, திருச்சி, சேலம், ஆர்க்காடு மாவட்டங்களைச் சேர்ந்த நிலமற்ற உழவுத் தொழிலாளர் அவர்களுள் மிகப் பலர். பண்ணையடிமையாக இருந்த தாழ்த்தப்பட்ட குடியினரும் பலர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி ஆள்சேர்ப்பு 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. இடைப்பட்ட காலத்தில், 1901இல் திறக்கப்பட்டு இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் சுவிட்டென்ஹாம் துறைமுகத்தின் வழியே வந்திறங்கியவர்கள், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களின் லயங்களில் குடியேறினர். சாதியும் அவர்களோடு கப்பலேறி வந்தது. ஆண்டையின் இடத்தில் துரை நின்றார். மணியக்காரரின் இடத்தில் கங்காணி நின்றார். அடுத்த ஆண்டு ஊருக்குப் போவோம் என்று சொல்லிச் சொல்லியே அவர்களுட் பலர் இம்மண்ணில் மறைந்தனர். நாளைப்போவார் என்னும் பெயர் அவர்களுக்கும் பொருந்தாதோ?

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தமிழ் நேசன் இதழின் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன் அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளர்க்கு ஒப்பான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றோடு, உறவினர் தோட்டத்துக்கு வந்து காணும் உரிமையையும் அவர்கள் கேட்டனர். துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அக்கோரிக்கைகளுள் ஒன்று. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். மே திங்களில் படை வந்தது, ஐவர் உயிரிழந்தனர். மறு ஆண்டில், மலாயா சப்பானியர் கையில் இருந்தபோது, தமிழகத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்துப் பாடிய திரைப்படம் வெளிவந்தது.

இவ்வளவையும் அறிந்த ஒருவர், மாஞ்சி இராகத்தில் அமைந்த கீர்த்தனையைக் கிள்ளானில் கேட்பதாகக் கொள்வோம். ஐயனே, அருகில் வரலாமா என்று தொலைவில் நின்று தாழ்ந்து கேட்கும் பாட்டு அது. வழக்கமான கச்சேரியில் அது நெஞ்சை உருக்கும் துக்கடா. கேட்டுக் கைதட்டிவிட்டு மங்களத்துக்குக் காத்திருப்பர். பின்புலம் அறிந்தவர்க்கோ, அது ஆண்டையின் வாயிலிலும் கோயிலின் வாயிலிலும் ஒருங்கே நின்ற மனிதனின் குரல். மிதிவண்டியை விட்டு இறங்கி நின்றவனின் குரலும் அதனுள் கேட்கும். அரங்கில் அமர்ந்திருப்போருள் பலர்க்கு அது பாட்டனின் குரல். அப்பொழுது அப்பாட்டு எங்கோ காவிரிக்கரையில் நிகழ்ந்த கதை ஆகாது. கிள்ளான் ஆற்றங்கரையின் கதையும் ஆகிவிடும்.

இத்தகைய கச்சேரியை அமைப்போர் எதிர்கொள்ள வேண்டிய இடர்களும் உள. முதலாவது, பேச்சு பாட்டை விழுங்கிவிடும் இடர். விளக்குவோர் தம் புலமையைக் காட்டப் புகுந்தால், அரங்கம் வகுப்பறையாகிவிடும். ஒரு பாட்டுக்கு முன் சில நிமிடங்களில் சொல்லி முடிக்க இயலாத செய்தியை அச்சிட்ட தாளில் தந்துவிடுவதே முறை. பாடுகின்றவர் வாயினாலேயே விளக்கமும் வருமாயின் மிகவும் நன்று. காலட்சேபக் கலைஞர் கண்ட வழி அதுவே. இரண்டாவது, கதையையும் வரலாற்றையும் கலந்துவிடும் இடர். புராணம் கூறுவது இது, கீர்த்தனை சேர்த்தது இது, ஆவணம் காட்டுவது இது எனப் பிரித்துரைத்தால் பக்திக்கும் குறைவில்லை, உண்மைக்கும் ஊறில்லை.

மூன்றாவது இடரே பெரியது. அது கசப்பான பகுதியைத் தவிர்த்துவிடும் ஆசை. நந்தனார் தீயில் மூழ்கி வேறோர் உருவில் எழுந்த பின்னரே தில்லைக் கோயிலுள் புகுந்தார் என்பது கதை. அவர் இருந்தவாறே உள்ளே செல்ல ஏன் இயலவில்லை என்று மாணவன் ஒருவன் கேட்பானாயின், அக்கேள்வியை அடக்குதல் தகாது. அண்ணல் அம்பேத்கர் தீண்டாமையின் தோற்றம் பற்றி 1948இல் வெளியிட்ட நூலை நந்தனார், இரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவரின் நினைவுக்குப் படைத்தார். ஒரே கதையைச் சேக்கிழார் அடியார் பெருமையாகக் கண்டார்; பாரதியார் பண்ணையாளின் ஏக்கமாகக் கண்டார்; அம்பேத்கர் தீராத அநீதியின் சான்றாகக் கண்டார். மூன்றையும் முன்வைத்துப் பாடும் அரங்கமே வரலாற்றை மதிக்கும் அரங்கம். இனிமைக்கு இடையூறு என்று எண்ணி மூன்றாவதை மறைத்தால், பின்புலம் என்பது மேடைத் திரையில் தீட்டிய கோபுரமாக முடிந்துவிடும்.

இத்தகைய முயற்சிக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபம், பாடத் தெரிந்த ஒருவர், மிருதங்கம் ஒன்று, கதையறிந்த ஆசிரியர் ஒருவர் இருப்பின் போதும். தோட்டத்தில் பால்மரம் வெட்டி வாழ்ந்த முதியவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. எஞ்சியிருக்கும் முதியவர் ஒருவரை அம்மண்டபத்தின் முன்வரிசையில் அமர்த்தி, தாலாட்டிலும் ஒப்பாரியிலும் அவர் நினைவில் நிற்பதைக் கீர்த்தனைகளுக்கு இடையே பாடச் செய்யலாம். கோபாலகிருஷ்ண பாரதியாரே கீர்த்தனையோடு சிந்தையும் சேர்த்துப் பாடியவர்தாமே. நாட்டார் மெட்டு தம் பாட்டின் அருகே அமர்வதை அவர் இகழ்ந்திருக்கமாட்டார்.

மிருதங்கத்தின் இருபக்கமும் தோலால் ஆனவை. அதனை இறுக்கும் வாரும் தோலே. அத்தோலைப் பதப்படுத்தி மூட்டும் கைவினைஞரைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூலே எழுதினார். சேக்கிழார் எண்ணூறு ஆண்டுகட்கு முன்பே அக்கைகளை ஓர் அடியாரின் கைகளாகக் காட்டிவிட்டார். கிள்ளானின் ஏதேனும் ஒரு மண்டபத்தில் மிருதங்கம் முழங்கத் தொடங்கும்போது, அத்தோலைத் தந்தவர் யார், அவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்று மாணவி ஒருத்தி தன் ஆசிரியரைக் கேட்பாளாயின், கச்சேரி அதன் பயனை அடைந்துவிட்டது என்று கொள்ளலாம்.